உள்ளமைந்த வகுப்பு வெளியே தெரியுமா? ரிஃப்ளெக்ஷன் மூலம் அறிதல்

ஒரு வகுப்பினுள் எழுதப்படும் மற்றொரு வகுப்பு உள்ளமைந்த வகுப்பு எனப்படும். மாத்தளை மாவட்டத்தினுள் பலாபத்வல அமைந்திருப்பதை இதற்கு உதாரணமாகக் கொள்க. சி ஷார்ப் மொழியில் வகுப்புகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம். 'மாத்தளை' வகுப்பினுள் 'பலாபத்வல' வகுப்பை எழுதினால், அதன் முழுப்பெயர் மாத்தளை+பலாபத்வல என அமையும்.

செய்நிரல் இயங்கும்போதே ஒரு வகுப்பின் விவரங்களைக் கேட்டறியும் முறை ரிஃப்ளெக்ஷன் ஆகும். இங்கு மூன்று பண்புகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

1. இஸ்பப்ளிக்: வகுப்பு வேறெதனுள்ளும் அமையாத பப்ளிக் வகுப்பா?
2. இஸ்நெஸ்டட்பப்ளிக்: வகுப்பு உள்ளமைந்ததாகவும் பப்ளிக் ஆகவும் உள்ளதா?
3. இஸ்விசிபிள்: வகுப்பை வேறொரு அசெம்பிளியிலிருந்து அணுக முடியுமா? இது 2005இல் வெளியான டொட் நெட் 2.0 உடன் அறிமுகமானது.

மாணவர் பலர் தவறும் இடம்

பலாபத்வல பப்ளிக் ஆயினும் இஸ்பப்ளிக் 'பொய்' என்றே விடை தரும். காரணம் யாது? அணுகல் நிலை மூன்று பிற்றுகளில் பதியப்படுகிறது. பப்ளிக் 001 ஆகும்; உள்ளமைந்த பப்ளிக் 010 ஆகும். இஸ்பப்ளிக் 001ஐ மாத்திரமே தேடும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. வகுப்பு பட்டியலில் விடுபட்டுப் போகும். ஆகவே தவறைக் கண்டுபிடிப்பது கடினம்.

இஸ்நெஸ்டட்பப்ளிக் மட்டும் போதுமா? போதாது. அது வெளி வகுப்பைப் பார்ப்பதில்லை. பலாபத்வலவுக்குச் செல்லும் பாதை திறந்திருந்தாலும், மாத்தளையின் எல்லை மூடியிருந்தால் வெளியார் வர இயலாது அல்லவா?

பலாபத்வல பப்ளிக் எனின்:

அ) மாத்தளை பப்ளிக்
இஸ்பப்ளிக் – பொய்
இஸ்நெஸ்டட்பப்ளிக் – உண்மை
இஸ்விசிபிள் – உண்மை

ஆ) மாத்தளை இன்டர்னல் (அதே அசெம்பிளிக்குள் மட்டும்)
இஸ்பப்ளிக் – பொய்
இஸ்நெஸ்டட்பப்ளிக் – உண்மை
இஸ்விசிபிள் – பொய்

இரண்டிலும் முதல் இரு விடைகளும் ஒன்றே. வேறுபாட்டைக் காட்டுவது இஸ்விசிபிள் மாத்திரமே. அது உள் வகுப்புடன் அதைச் சூழ்ந்துள்ள வெளி வகுப்புகள் அனைத்தையும் சோதிக்கும்.

நினைவிற் கொள்க: வெளியே தெரியுமா என அறிய இஸ்விசிபிளைப் பயன்படுத்துக.

பயிற்சி வினா
பப்ளிக் ஆன மாத்தளையினுள், அணுகல் சொல் எதுவுமின்றிப் பலாபத்வல எழுதப்பட்டுள்ளது. மூன்று பண்புகளின் விடைகளையும் தருக.

விடை
மூன்றும் பொய். அணுகல் சொல் இல்லாத உள்ளமைந்த வகுப்பு சி ஷார்ப்பில் பிரைவேட் ஆகக் கொள்ளப்படும்.