சிறு விமானங்களைப் படமெடுத்தல்

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் கையிலே இன்று நல்ல காமிரா இருக்கிறது. காமிரா இல்லாதவரிடம் கைபேசியாவது இருக்கிறது. கோயிலையும் கோமதி நதியையும் படம்பிடித்து அலுத்தவர்களுக்கு வேறொரு பொருளை அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அது சிற்றூர்த் தளங்களில் ஏறி இறங்கும் சிறு விமானம். இதில் நான் கற்றதெல்லாம் ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. ஆகவே அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரேபரேலிக்கு அருகே ஃபுர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசின் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சுற்றிலும் வயல்கள். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் நண்பன் ஒருவன் அங்கே பயின்றான். அவன் ஆசிரியர் துணையின்றி முதன்முதலாகத் தனியே பறக்கும் நாளன்று, எழுத்து மூலம் அனுமதி பெற்று, லக்னோவிலிருந்து நானும் போயிருந்தேன். விமானம் வேகமாகப் போகுமே, படம் கலங்கிவிடுமே என்று அஞ்சி, ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்து எடுத்தேன். படம் ஊசிமுனைபோலத் தெளிவாக வந்தது. பெருமையோடு அதை அவன் தாயாருக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏந்தம்பி, முன்னாடி இருக்கிற விசிறி நின்னுபோயிருக்கே! எம் மகன் பத்திரமா எறங்கிட்டானா?”

நான் சமாதானம் சொன்னேன். ஆனால் இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த அம்மாள் கேட்டது முற்றிலும் நியாயம். என் படத்தில் விமானம் பறக்கவில்லை. ஆகாயத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல் நின்றது.

விசிறியின் கணக்கு

காரணம் எளிய கணக்கு. விமானத்தின் ப்ரொபெல்லர் நிமிஷத்துக்கு 2400 முறை சுழல்கிறது என்று கொள்வோம். விநாடிக்கு 40 சுற்று. 1/2000 விநாடியில் அது 7 பாகை அளவே திரும்பும். ஆகவே நின்றதுபோல் தெரிகிறது. 1/125 விநாடியில் 115 பாகை திரும்பும். அப்போது சுழற்சி புலப்படும். இரண்டு இதழ்கள் உள்ள ப்ரொபெல்லர் அரைச் சுற்று திரும்பினாலே முழு வட்டமாகத் தெரியும். அதற்கு 1/80 விநாடி போதும். தரையிறங்கும்போது இயந்திரத்தின் வேகம் குறைவதால் இன்னும் மெதுவான ஷட்டர் வேண்டும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு வேறொரு விந்தை நேரும். ப்ரொபெல்லர் அரிவாள்போல் வளைந்து தெரியும். கைபேசி ஒரு படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் இதழ் நகர்ந்துவிடுகிறது. குற்றம் விமானத்திலும் இல்லை, நம் கண்ணிலும் இல்லை.

உடன் திரும்புதல்

ஷட்டரை மெதுவாக்கினால் விமானமே கலங்காதா என்று கேட்பீர்கள். கலங்கும். இறங்கவரும் சிறு விமானம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதாவது விநாடிக்கு 36 மீட்டர். 1/125 விநாடிக்குள் அது ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே காமிராவும் அதனோடு சேர்ந்து திரும்பவேண்டும். கால்களை அகட்டி, படமெடுக்கப்போகும் திசையை நோக்கி ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலே மட்டும் விமானம் வரும் பக்கம் திரும்பி, அங்கிருந்தே அதைத் தொடருங்கள். பொத்தானை அழுத்திய பின்பும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. சரியாகச் செய்தால் விமானம் தெளிவாக நிற்க, பின்னாலுள்ள மரங்கள் கோடுகளாக ஓடும். பத்துப் படத்தில் இரண்டு தேறினால் நல்ல விளைச்சல்.

ஒளியும் வெப்பமும்

அங்குள்ள டைமண்ட் டி.ஏ.40 விமானம் உலோகத்தால் ஆனதன்று. இழைகளையும் பிசினையும் சேர்த்துச் செய்தது. வெயிலில் சூடேறினால் பிசின் இளகி வலிமை குறையும். அதனால்தான் இவ்வகை விமானங்களுக்கு வெள்ளை வர்ணம் பூசுகிறார்கள். இந்த வெள்ளை நமக்கு ஒரு சோதனை. வானம் பின்னணியாக இருந்தால், காமிரா வானத்தின் ஒளியை அளந்து, விமானத்தின் அடிவயிற்றைக் கரியாக்கிவிடும். அப்போது ஒரு படி ஒளியைக் கூட்டவேண்டும். கரும்பச்சை வயல் பின்னணியானால், வெள்ளை வெளுத்துப்போகாமல் சிறிது குறைக்கவேண்டும்.

சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமே சிறந்தது. தாழ்ந்துவரும் ஒளி இறக்கையின் அடிப்பாகத்தையும் தொடும். வெயில் ஏறியபின் ஓடுபாதைமேல் காற்று கானல்போல் நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதை நேராக்காது. அந்த நேரத்தில் அருகில் வரும் விமானத்தை மட்டும் எடுப்பதே வழி. மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் காலையில் பறப்பதே இராது. அவசரப்பட்டுப் போய் ஏமாறாதீர்கள்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

முதலாவது, அனுமதி. விமானத்தளத்தில் படமெடுப்பது பற்றி 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே எழுதியிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றாலும் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுக் காமிராவை எடுப்பதே முறை.

இரண்டாவது, உயிர். நாம் பாடுபட்டுப் படத்தில் கொண்டுவரும் அந்த அழகிய வட்டம், தரையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கத்தி. நான் ஒருமுறை காமிராவில் கண்வைத்தபடியே பின்னால் நகர்ந்தேன். ஓர் ஆசிரியர் என் தோள்பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன், சற்றுத் தூரத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு விமானம். அன்று முதல் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஓர் அடியும் வைப்பதில்லை. லென்ஸ் மூடி, காகிதத் துண்டு எதையும் தரையில் விடாதீர்கள். விமானியின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

பயிற்சிக்கு விமானம் தேடி அலைய வேண்டியதில்லை. விடுதி அறையின் மின்விசிறி நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுவதானால், மூன்று இதழ்கள் முழு வட்டமாகத் தெரிய எத்தனை விநாடி வேண்டும்? கணக்கிட்டு எடுத்துப் பாருங்கள். விடை 1/15. வாயிலில் செல்லும் சைக்கிள்களைத் தொடர்ந்து எடுத்தால் இடுப்பும் பழகிவிடும்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் போனேன். இம்முறை 1/100. நாற்பது படங்களில் ஒன்றுதான் தேறியது. அதை அந்த அம்மாளுக்கு அனுப்பினேன்.

“இப்பத்தான் தம்பி சுத்துது” என்றார்.

எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதைவிடப் பெரியது இல்லை.