பிழையில்லாத கட்டுரையை நம்பாதீர்கள்

சீன மாணவர் ஒருவர் ‘ஐ ஈட் மெடிசின்’ என்று எழுதினால், அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழ் பேசும் ஆசிரியருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாமும் மருந்து சாப்பிடுகிறவர்கள்தான். ‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, சாப்பிடலை’ என்கிறோம். சீனர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் அந்த இடத்தில் ‘நோ’ கேட்கிறது. சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுத்த காலத்தில், இந்த ஒற்றுமைகள்தான் எனக்குப் பெரிய பலமாக இருந்தன. அங்கே ஆசிரியர் வேலைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர்களுக்கே முன்னுரிமை. ஆனால் ஒரு மொழியை வெளியிலிருந்து கற்றுக்கொண்டவருக்கு, எந்தப் படியில் கால் இடறும் என்பது தெரியும். பிறந்ததிலிருந்து அதையே பேசியவருக்கு அது எளிதில் பிடிபடாது.

முதலில் இந்த மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சீனாவில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறார்கள். ஜூன் மாதம் நடக்கும் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 150. கல்லூரிக்கு வந்த பிறகு 1987இல் தொடங்கிய நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு காத்திருக்கிறது. அதற்கு மொத்தம் 710. ஆறாம் நிலைத் தேர்வு எழுத வேண்டுமானால் இதில் 425 வாங்கியாக வேண்டும். வாய்மொழித் தேர்வு தனியாக நடக்கிறது, விரும்பியவர்கள் கலந்துகொள்ளலாம். ஆகவே சிக்கலான பத்தியைப் படித்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் மாணவி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் திணறுவதில் வியப்பில்லை. இதை அவர்களே ‘ஊமை ஆங்கிலம்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் ஊரில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

புதிய ஆசிரியரை முதலில் மிரட்டுவது வகுப்பின் மௌனம்தான். நாற்பது பேரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் நாற்பது தலைகளும் குனிந்துகொள்ளும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு எந்தப் பொருளும் கிடையாது. எல்லார் முன்னிலையிலும் தவறாகச் சொல்லி முகம் இழப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். தனியாக எழுந்து நின்று சரியாகச் சொல்வதும் சிலருக்குச் சங்கடம், தன்னைக் காட்டிக்கொள்வது போல ஆகிவிடுமே என்று. இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

செய்ய வேண்டியது எளிமையானது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் அவரவர் குறிப்பு எழுதட்டும். பிறகு பக்கத்திலிருப்பவரிடம் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் ஒருவரை எழுப்பி, ‘உன் தோழி என்ன சொன்னாள்?’ என்று கேட்க வேண்டும். அடுத்தவர் கருத்தைச் சொல்லும்போது முகம் போகும் பயம் பாதியாகக் குறைகிறது. குழு பிரிக்கும்போது விடுதி அறைப்படி பிரியுங்கள். ஒரே அறையில் நான்கு பேரோ ஆறு பேரோ சேர்ந்து வாழ்கிறவர்கள். அவர்களுக்குள் கூச்சம் கிடையாது, ஒத்திகையும் இரவில் அறையிலேயே நடந்துவிடும். வகுப்புத் தலைவரை முதல் நாளே நண்பராக்கிக்கொள்ளுங்கள். வீசாட் செயலியின் குழுவில் அறிவிப்புப் போடுவதிலிருந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுவரை எல்லாம் அவர் வழியாகத்தான்.

பேச்சின் நடுவே திருத்தாதீர்கள். காதில் விழுந்த பிழைகளை ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதினால், வகுப்பே சேர்ந்து உற்சாகமாகத் திருத்தும். அந்தப் பத்து நிமிடத்தில் மௌனம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பிழைகளைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது பிழையே இல்லாத கட்டுரைகள். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்ற தொடரைப் பாருங்கள். சீனத்திலும் இதே வரிசைதான்: நான், நேற்று, வாங்கிய, புத்தகம். ஒரு சொல்கூட இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு, அதைப் பற்றிய விவரத்தைப் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். இந்தத் திருப்பம் கடினம் என்பதால் மாணவர்கள் அந்த வாக்கியத்தின் பக்கமே போவதில்லை. இரண்டு சின்ன வாக்கியங்களாக உடைத்து எழுதிவிடுகிறார்கள். பிழை இருக்காது, சிவப்பு மையும் இருக்காது, கற்றலும் நடந்திருக்காது. 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர் இதை ஆய்ந்து எழுதினார். பாரசீக, அரபு மாணவர்கள் இவ்வகை வாக்கியங்களை நிறைய எழுதினார்கள், நிறையத் தவறும் செய்தார்கள். சீன, ஜப்பானிய மாணவர்களிடம் தவறு குறைவு. ஆனால் அவர்கள் அத்தகைய வாக்கியங்களை எழுதியதே மிகக் குறைவு. ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய ஆய்வு என்று இதைச் சொல்வேன். மாணவர் எதைத் தவறாகச் சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், எதைச் சொல்லாமல் தவிர்த்தார் என்றும் பார்க்க வேண்டும்.

நான் கையாண்ட வழி இது. ‘தி புக்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன். வகுப்பு ‘விச் புக்?’ என்று கேட்க வேண்டும். ‘தி புக் ஐ பாட் எஸ்டர்டே’ என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மாணவர்களே மாற்றி மாற்றிக் கேட்பார்கள்: எந்தப் பையன், எந்தக் கடை, எந்த ஆசிரியர். இலக்கணப் பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை.

உச்சரிப்பில் ஊருக்கு ஊர் சிக்கல் மாறும். சிச்சுவான்காரர்களின் வட்டார வழக்கில் நகரமும் லகரமும் பெரும்பாலும் கலந்துவிடுகின்றன. ‘நைஃப்’, ‘லைஃப்’ இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். லகரம் தடையில்லாமல் நீளும்; நகரம் அடைபட்டு நின்றுவிடும். எது எது என்று கண்ணாடி இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் வாய்க்கு முன்னால் காதைப் பழக்க வேண்டும். நீங்கள் சொல்வது ‘நைட்’டா ‘லைட்’டா என்று விரல் காட்டும் பயிற்சியைச் சில வாரம் விடாமல் செய்யுங்கள். காதில் பிரியாத ஒலி நாவில் பிரியாது.

மாண்டரின் சொற்கள் உயிரொலியில் முடியும். இல்லாவிட்டால் மூக்கொலியில் முடியும். அதனால் ‘குட்’, ‘பிக்’ போன்ற சொற்களின் கடைசியில் ஒரு சின்ன உயிர் ஒட்டிக்கொள்கிறது. நாம் ‘கேக்கு’, ‘பஸ்ஸு’ என்று உகரம் சேர்ப்பது மாதிரிதான். கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துச் சொல்லப் பழக்கினால் இது மறையும்: ‘பிக் இட் அப்’ என்பதை ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில். உள்ளாடையும் மேற்குத் திசையும் நம் எழுத்தில் ஒரே ‘வெஸ்ட்’ ஆகிவிடுவதுபோல அவர்களுக்கும் அந்த இரண்டும் குழம்பும். கீழுதட்டைப் பல்லில் தொடச் சொல்வதைத் தவிர அதற்குக் குறுக்குவழி இல்லை.

‘ஹி’, ‘ஷி’ குழப்பம் முதல் மதிப்பெண் வாங்குகிறவரையும் விடாது. பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டும் வேறு வேறு. ஆகவே எழுதும்போது தவறாது, பேசும்போது தவறும். பாட்டியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். தவறும் இடத்தில் தோழர் விரலை மட்டும் உயர்த்தட்டும். பெற்றோர் வேலைக்காக வெளியூர் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள் சிச்சுவானில் ஏராளம். அந்தத் தலைப்பில் யாருக்கும் பேச்சு வற்றுவதில்லை.

பெரிய எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சீனம் பத்தாயிரத்தை ‘வான்’ என்ற அலகாக வைத்து எண்ணுகிறது. செங்டுவின் மக்கள்தொகை 2 கோடிக்கு மேல். அது அவர்களுக்கு இரண்டாயிரம் வான், ஆங்கிலத்தில் இருபது மில்லியன். லட்சம், கோடியோடு வளர்ந்த நமக்கும் மில்லியன் கணக்கு ஒரு நொடி தாமதிக்கும் இல்லையா? வீட்டு விலை, சம்பளம், ஊர்களின் மக்கள்தொகை என்று தினமும் ஐந்து எண்கள் போதும்.

மனப்பாடத்தை இழிவாகப் பேசும் வெளிநாட்டு ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடிகாலையில் கல்லூரி வளாகத்தின் மரத்தடிகளில் நின்று உரக்கப் படிக்கும் மாணவர்களைப் பார்த்தால், அந்த உழைப்பைக் குறை சொல்ல மனம் வராது. குறை, மனப்பாடம் செய்யும் பொருளில் இருக்கிறது. ‘சமுதாயம் முன்னேறி வரும் இக்காலத்தில்’ என்று தொடங்கும் தேர்வுக் கட்டுரைகளுக்குப் பதிலாக, கடையில் பேரம் பேசும் உரையாடல், மருத்துவரிடம் வலியைச் சொல்லும் உரையாடல் இவற்றைக் கொடுங்கள். நன்றாக ஒப்பித்த பிறகு ஒரு பாத்திரத்தின் எண்ணத்தை மட்டும் மாற்றுங்கள்: கடைக்காரர் இன்று விற்க விரும்பவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியங்களே அப்போது சொந்தப் பேச்சாக மாறத் தொடங்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வேலை அனுமதியும் அதற்குரிய இசட் விசாவும் இல்லாமல் கற்பிக்கப் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். 2021 ஜூலையில் வந்த ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கைக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கான தனிப்பயிற்சித் தொழில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. கூகுளும் யூடியூபும் அங்கே திறக்காது. பாடத்துக்கு வேண்டிய காணொளிகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் தலைப்புகளை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். சிக்கல் உங்களோடு நிற்காது, மாணவர்களுக்கும் வரும்.

கிளம்புவதற்கு முன்பே சீனம் கற்கத் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை மாணவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஒரு குழு வந்து எனக்கு ஒரு சிச்சுவான் வழக்குத் தொடரைச் சொல்லித்தர வேண்டும். நிபந்தனை, விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். என் தொனி தவறினால் வகுப்பு முழுக்க ‘நோ, லாவ்ஷி, நோ!’ என்று குரல் எழும். லாவ்ஷி என்றால் ஆசிரியர். நாக்கை எங்கே வைக்க வேண்டும், குரலை எங்கே இறக்க வேண்டும், எந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று ஒருவரை முந்தி ஒருவர் விளக்குவார்கள். அதுவரை வாய் திறக்காத பின்வரிசை மாணவர் பலர் என்னிடம் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அந்த ஐந்து நிமிடத்தில் வந்ததுதான்.