நிலையாமை என்னுஞ் சொற்பொருள்

நிலையாமை என்னுஞ் சொல்லைப் படிக்கும் மாணாக்கர் பலர் அதனை இல்லாமை என்று கொள்ளுகின்றனர். ஆசிரியர்கள் முதலிற் களையவேண்டிய பிழை இதுவே.

'நில்' என்னும் வினையடியாற் பிறந்தது 'நிலை'. ஒரு தன்மையில் மாறாது நிற்றல் நிலைபேறு. அங்ஙனம் நில்லாமை நிலையாமை. திருக்குறளின் 34ஆம் அதிகாரமும், திருமந்திரத்து முதற்றந்திரத்தில் வரும் யாக்கை நிலையாமை, செல்வ நிலையாமை முதலியனவும் உடலும் செல்வமும் இல்லை என்று கூறவில்லை. அவை உள்ளன, ஒருபடித்தாய் நில்லா என்பதே கருத்து.

திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லிலே கற்பிக்கும் ஆசிரியர் இதற்கு உதாரணந் தேடித் தூரஞ் செல்லவேண்டுவதில்லை. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குக் கொண்டனர். கோயில் என்னும் நிலை நீங்கிற்று; கல் இல்லாதொழியவில்லை, கோட்டைச் சுவராயிற்று. மண்ணுள் மறைந்த திருவுருவங்களும் 1950இல் கிணறு அகழ்ந்தபோது வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. நிலைமாற்றம் வேறு, இன்மை வேறு என்பதைப் பிள்ளைகள் இதனால் எளிதில் உணர்வர்.

இனி, நிற்றற்பொருளுடைய வடசொற்களையும் அறிக. ஸ்திரம், ஸ்தாணு, ஸ்தாவரம் என்பன முதலெழுத்துக் கெட்டுத் தமிழிலே திரம், தாணு, தாவரம் என வரும். தாவரம் இடம்பெயராதது, ஆயினும் தளிர்த்தும் உதிர்ந்தும் மாறுவது. ஆதலால் இடம்பெயராமை மாத்திரம் நிலைபேறாகாது. மாறுதலேயில்லாத சிவபெருமானுக்கே தாணு என்பது திருநாமமாயிற்று. சுசீந்திரத்துத் தாணுமாலயன் என்னும் பெயரில் முதலில் நிற்பதும் அதுவே.

அழியாமையும் நிலைபேறும் ஒன்றல்ல என்பதும் நோக்கத்தக்கது. சித்தாந்தத்திலே பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. ஆன்மா அழியாது, ஆனால் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. தானே நிலைபெறமாட்டாமையின் அது நிலையான பதியைச் சார்தல்வேண்டும்.

உலகம் இல்பொருள் என்று பிள்ளை கருதுமாயின், கல்வியும் ஈகையும் வழிபாடும் அதற்குப் பயனற்றனவாகத் தோன்றும். உள்ளது, ஆனால் நில்லாது என்று அறியுமாயின், உள்ளபொழுதே நல்லது செய்ய விரையும். ஆகவே பாடமுடிவில், "நிலையாதது எது? இல்லாதது எது?" என்று இருவினாவையுந் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உதாரணங் கூறுவித்தல் நன்று.