மலைச்சுனைக்குச் செல்லுமுன்

பள்ளி விடுமுறைக் காலத்தில் தோட்டப்புற இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து மலையேறுவது போற்றத்தக்க வழக்கமாகும். உடலுக்கு உரத்தையும் ஒற்றுமை உணர்வையும் அது வளர்க்கிறது. எனினும், அடர்ந்த காட்டினுள் இருக்கும் மலைச்சுனைக்குச் செல்வதற்கு முன்கூட்டியே திட்டமிடுதல் அவசியமாகும்.

நம் நாட்டு மலைச்சுனைகளுள் பல தேங்கிய குளங்கள் அல்ல. மலையோடை பாறைகளை அரித்து உண்டாக்கிய மடுக்களே. ஆதலால், நாம் நிற்குமிடத்து வானத்தை மட்டும் பார்த்து நீரின் நிலையை அறிய முடியாது. கீழே வெயில் காயும்போதே உச்சியில் பெய்த கனமழை, மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் பாய்ந்து வரக்கூடும். இதனை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். கெடாவில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையில் 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் ஏற்பட்ட இத்தகைய பெருக்கு, யான் வட்டாரத்தில் பல உயிர்களைப் பலிகொண்டது.

அனுமதியும் வழிகாட்டியும்

நிரந்தர வனப்பகுதிக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். மலையை நன்கறிந்த வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்க. செல்லும் வழி, உடன் வருவோர் பெயர்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துச் செல்க. குறித்த நேரத்தில் குழு திரும்பாவிடில் 999 என்னும் எண்ணை அழைக்குமாறு வீட்டாரிடம் சொல்லி வைக்கவும்.

நேரக் கணக்கு

மலையேறிகள் பலர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த கணக்கைப் பின்பற்றுகின்றனர். 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். வேரும் சேறும் நிறைந்த நம் காடுகளில் இதனை இரட்டிப்பாகக் கொள்வது நலம்.

எடுத்துக்காட்டாக, சுனை 4 கிலோமீட்டர் தொலைவிலும் 600 மீட்டர் உயரத்திலும் உள்ளதெனக் கொள்வோம். கணக்குப்படி 1 மணி 48 நிமிடம். இரட்டித்தால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 10.30க்குச் சுனையை அடையலாம். 11.30க்குத் திரும்பினால், பிற்பகல் இடிமழை வலுக்குமுன் அடிவாரத்தை அடையலாம். ஆகவே, 11.30 மணியைத் 'திரும்பும் நேரம்' என முன்னரே முடிவு செய்க. சுனை பத்து நிமிட நடையில் இருந்தாலும் அந்நேரம் வந்துவிட்டால் திரும்பியே ஆக வேண்டும்.

சுனையருகில்

தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடைமைகளை எடுக்க நில்லாமல் உடனே கரையேறி, பக்கவாட்டில் உள்ள மேட்டிற்குச் செல்க. ஓடையின் போக்கிலேயே ஓடுவது தவறு. பெருகிய ஓடையைக் கடக்க முயல வேண்டாம். நீர் வடியும்வரை காத்திருக்கவும்.

திரும்பிய பின்

ஓடை நீரைக் கொதிக்க வைத்தே பருகவும். காலில் புண் இருப்போர் நீரில் இறங்குவதைத் தவிர்க்கவும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் சில வாரங்கள் கழித்தும் தோன்றக்கூடும். காய்ச்சலும் தசைவலியும் கண்டால், காட்டிற்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறவும்.

திரும்பும் நேரத்தைக் குறிப்பது எளிது. சுனையை நெருங்கிய வேளையில் அதற்குக் கட்டுப்படுவதே கடினம். அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது குழுத் தலைவரின் முதற்கடமையாகும். சுனை அடுத்த விடுமுறையிலும் அங்கேயே இருக்கும்.