இத்தாலிய மொழியில் ‘விளங்கிற்று’

அயன்மொழி கற்கப் புகுவோர் பொருட்பெயர்களையே முதற்கண் மனனஞ் செய்வர். ‘விளங்கிற்று’, ‘விளங்கவில்லை’ என்னும் இரண்டையும் அவற்றினும் முற்படக் கற்றல் வேண்டும் என்பது நம் கருத்து. யாழ்ப்பாணத்தினின்றும் புலம்பெயர்ந்தோருட் சிலர் சிசிலித் தீவின் பலேர்மோ நகரிற் குடியேறி வாழ்கின்றனர். ஆதலின் இத்தாலிய மொழி நமக்கு முற்றும் அயலானதன்று.

‘எனக்கு விளங்குகிறது’ என்கின்றோம். விளங்குதல் ஒளிர்தலாதலின், பொருள்தானே நம்பால் ஒளிவிடுகின்றது. இத்தாலியரோ ‘கப்பிஸ்கோ’ என்பர். ‘பற்றுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது அது. ஆண்டுப் பற்றுவோன் ‘நான்’. நம்மவர் ‘பிடிபடவில்லை’ என்பதும் இக்கருத்தினதே. ஒளியைக் குறித்த வழக்கும் அவர்க்குண்டு. ‘கியாரோ’ என்றால் ‘தெளிவு’ என்பதாம்.

ஒருவர் கூறியதைக் கேட்டு முடித்தபின் ‘ஓ கப்பீத்தோ’ என இறந்தகாலத்தாற் கூறுதல் பெருவழக்கு. இது நம் ‘விளங்கிற்று’ என்பதனோடு ஒக்கும். முன்னே ‘நொன்’ சேர்ப்பின் ‘விளங்கவில்லை’ என்றாகும். ‘ஆய் கப்பீத்தோ?’ என்பது ‘உனக்கு விளங்கிற்றா?’ என்னும் வினா. பெரியோரிடத்து ‘ஆ கப்பீத்தோ?’ என்றல் வேண்டும். அதனினும் பணிவானது ‘மி சோனோ ஸ்பியெகாத்தோ?’ என்பது. ‘நான் தெளிவுறக் கூறினேனா?’ என வினவுதலால், குறை கேட்போர்மேற் செல்லாது கூறுவோர்மேலதாகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நாம் பிறர் பேசுங்கால் ‘ஓம், ஓம்’ என்பது பலபோது ‘கேட்டுக்கொண்டிருக்கின்றேன்’ என்னும் அளவினதே. நம்மிடத்து இகழ்ச்சிக் குறிப்பாகிய ‘சீ’ என்னும் ஒலியே இத்தாலியர்க்கு ‘ஆம்’ என்னும் சொல். கேட்பதற்கு அறிகுறியாக அதனைப் பன்முறை கூறின் இசைந்ததாகக் கொள்ளவும் படும். தொழில் ஒப்பந்தத்தின்முன் இருப்பவருக்கு இது சிறு வேறுபாடன்று. உடன்பாட்டிற்குத் ‘தக்கோர்தோ’ என்னும் தனிச்சொல் உண்டு. விளங்குதல் வேறு, இசைதல் வேறு. ஐயமுற்றவிடத்துப் ‘புவோ ரிப்பேத்தெரே?’, அஃதாவது ‘மீண்டும் கூறுவீர்களா?’ என வினவுதலே தக்கது.

1680இல் இத்தாலியிற் பிறந்த பெஸ்கி, தமிழகம் போந்து வீரமாமுனிவராகித் ‘தேம்பாவணி’யும் ‘சதுரகராதி’யும் இயற்றினார். விளங்காதவற்றை வினவ நாணியிருப்பின் அத்துணைப் புலமை கைகூடியிராது.

உடுப்பிட்டி வகுப்பறையில் ஆசிரியர் ‘விளங்குதோ?’ என வினவ, அச்சத்தால் ‘ஓம்’ என்னும் மாணவன் எந்நாட்டுச் செல்லினும் அவ்வழக்கையே உடன்கொண்டு செல்வான். ‘விளங்கவில்லை, ஐயா’ எனத் துணிந்து கூறுதலை மாணவர் இங்கேயே பழகுக. அதனை முகமலர்ந்து ஏற்றலை ஆசிரியராகிய நாமும் பழகுவோமாக.