கால் டேங்க்னா கால் பங்கா?

உருளையின் கன அளவு பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனா அந்த உருளையைப் படுக்க வைத்தால் நம்மில் பல பேர் தடுமாறுவோம். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஹாஸ்டல் ஜெனரேட்டருக்கு ஒரு டீசல் டேங்க். படுத்த உருளை, விட்டம் 1 மீட்டர், நீளம் 2 மீட்டர். குச்சி விட்டுப் பார்த்தால் டீசல் 25 செ.மீ. உயரம் நிற்கிறது. ஜெனரேட்டர் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும். எத்தனை மணி நேரம் ஓடும்?

முதலில் முழுக் கொள்ளளவு: பை × ஆரம்² × நீளம். இங்கேயே ஒரு பொறி இருக்கு. கொடுத்தது விட்டம், ஆரம் 0.5. அவசரத்தில் 1 என்று போட்டால் விடை நான்கு மடங்காகிவிடும். 3.1416 × 0.25 × 2 = 1.571 கன மீட்டர், அதாவது 1571 லிட்டர்.

"25 செ.மீ. விட்டத்தில் கால் பங்கு, அப்போ டீசலும் கால் பங்கு, 393 லிட்டர், 19 மணி நேரத்துக்கு மேல ஓடும்" என்று முடிவு பண்ணினால் தப்பு. நிற்கிற உருளைக்குத்தான் அது சரி. படுத்த உருளை அடியில் குறுகலாக இருக்கும்.

டேங்கின் முகப்பு வட்டத்தை வரையுங்கள். டீசல் மட்டம் ஒரு நாண். மையத்திலிருந்து அதன் தூரம் 0.5 − 0.25 = 0.25, ஆரத்தில் சரிபாதி. எனவே நாண் மையத்தில் தாங்கும் கோணம் 120°.

வட்டக்கோணப் பகுதி: வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு = 0.2618
முக்கோணம்: ½ × 0.5 × 0.5 × சைன் 120° = 0.1083
டீசல் நிற்கும் வட்டத்துண்டு: 0.2618 − 0.1083 = 0.1535 சதுர மீட்டர்

இதை நீளம் 2-ஆல் பெருக்கினால் 0.307 கன மீட்டர், 307 லிட்டர். முழு டேங்கில் இது 20 சதவீதம்கூட இல்லை. ஓடுவது சுமார் 15 மணி நேரம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்த நாலு மணி நேரம் குறைந்தால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்! பெட்ரோல் பங்க்குகளில் குச்சி அளவை லிட்டராக மாற்ற ஒரு அட்டவணை வைத்திருப்பதும் இதனால்தான்.

அதே டேங்குக்கு வெளியே பெயின்ட் அடிக்கணுமா? மொத்தப் புறப்பரப்பு 2 × பை × ஆரம் × (ஆரம் + நீளம்) = 7.85 சதுர மீட்டர். வளைபரப்பை மட்டும் கணக்கிட்டால் 6.28தான் வரும், இரண்டு முகப்புக்கும் பெயின்ட் பத்தாது.

இப்போ உங்க முறை: மட்டம் 75 செ.மீ. என்றால் எத்தனை லிட்டர்? புதுசா எதுவும் போட வேண்டாம், மேலே காலியாக இருப்பது அதே 307 லிட்டர்தான். 1264 வந்தால் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்!