கீரையும் வடித்த நீரும்: சிறுநீரக நோயாளியின் வீட்டுத் தோட்டம்

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் கொல்லையில் ஒரு முருங்கையும், கிணற்றடியில் வாழையும், பாத்தியில் சிறிது கீரையும் வளர்ப்பது நெடுநாள் வழக்கம். இன்று இடம் சுருங்கி, தோட்டம் மாடிக்கு ஏறியுள்ளது. சிறுநீரக நோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மருந்து தெளிக்காமல் வீட்டிலேயே வளர்த்த கீரை, தாராளமாகக் கொடுக்கலாம் அல்லவா?” கீரை எங்கு வளர்ந்தது என்பதைவிட, அது எவ்வாறு சமைக்கப்பட்டது என்பதையே விடை பெரிதும் சார்ந்துள்ளது.

பொட்டாசியம் ஏன் முக்கியம்?

கீரை, காய், கனி அனைத்திலும் பொட்டாசியம் என்னும் தாதுஉப்பு உள்ளது. இதயத் துடிப்புக்கும் தசைகளின் இயக்கத்துக்கும் அது இன்றியமையாதது. தேவைக்கு மிஞ்சியதை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்த நிலையில் அது இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்; சில வேளைகளில் நின்றும் போகலாம். பெரும்பாலும் முன்னறிவிப்பு இராது என்பதே இதன் ஆபத்து. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் இந்த அளவை உயர்த்தக்கூடியவை.

ஆயினும் சிறுநீரக நோயாளிகள் அனைவரும் கீரையை விலக்க வேண்டியதில்லை. நோயின் தொடக்க நிலையில், இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இயல்பாக இருப்பவர்களுக்குக் கீரையும் காய்களும் நன்மையே செய்யும். கீழே கூறப்படும் கட்டுப்பாடு, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியவர்களுக்கு உரியது.

கடைவதா, வடிப்பதா?

நம் பக்கத்துக் கீரைக் கடையலில், சிறிதளவு நீரில் கீரையை வேகவைத்து, அந்த நீரோடு சேர்த்தே மத்தால் கடைகிறோம். வெந்த நீரைக் கொட்டுவது சத்தைக் கொட்டுவதாகும் என்று நம் வீட்டு மூத்தோர் கற்றுத் தந்துள்ளனர். நலமாக உள்ளோருக்கு அது சரியான பாடம். ஆனால் பொட்டாசியம் நீரில் எளிதில் கரைவது. கடையலிலும் முருங்கைக்கீரைச் சூப்பிலும் கரைந்த பொட்டாசியம் முழுவதும் நோயாளியின் தட்டுக்கே வந்து சேர்கிறது.

ஆகவே அவர்களுக்கு வேறு முறை வேண்டும். கீரையைக் கழுவிப் பொடியாக நறுக்குங்கள். அதைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு நீரைக் கொதிக்கவிட்டு, அதில் கீரையை வேகவையுங்கள். வெந்ததும் நீரை வடித்து, கீரையை இலேசாகப் பிழிந்து எடுங்கள். பிறகு கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்துத் தாளிக்கலாம். பருப்பும் தேங்காயும் பொட்டாசியம் மிகுந்தவை. அவற்றைக் குறைவாகச் சேர்ப்பது நல்லது. உப்பின் அளவு மருத்துவர் கூறியபடி இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் கலந்திருப்பதால், அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வடிப்பதால் பொட்டாசியம் குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது. எனவே எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டறியுங்கள். வடித்த நீரை வீணாக்க வேண்டியதுமில்லை. சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவர்களுக்கு அதில் ரசம் வைக்கலாம்; ஆறவிட்டுச் செடிகளுக்கும் ஊற்றலாம். நோயாளியின் பங்கை முதலில் வடித்தெடுத்துவிட்டால், ஒரே சமையலில் இரு தரப்பினரும் உண்ண இயலும்.

எதை விதைக்கலாம்?

தண்டுக்கீரை போன்ற கீரைகளில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. சுரைக்காயில் அது ஏறத்தாழ 150 மில்லிகிராம்தான், பீர்க்கங்காயும் குறைவானதே. ஆகவே நோயாளி உள்ள வீட்டில் கீரைப் பாத்தியோடு ஒரு பந்தலும் இருக்கட்டும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பீர்க்கு, சுரை, புடலை ஆகியவை மாடியில் பெரிய தொட்டியிலும் நன்றாகப் படரும். மதுரையின் கோடை வெயிலில் நிழல்வலை தேவைப்படும். டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்துகொண்டவர்கள் அந்தக் கையால் மண்தொட்டியையோ நீர்வாளியையோ தூக்கலாகாது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் மண்ணைத் தொடும்போது கையுறை அணிவது அவசியம்.

பச்சைச் சாறு வேண்டாம்

கொதிக்கவைத்து வடிக்காத பச்சைச் சாற்றில் எதுவும் குறைவதில்லை. பல காய்களின் சாரம் ஒரே குவளையில் சேர்ந்துவிடுகிறது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் வளரும் இரும்பன்புளி என்னும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கும் எனக் கருதிக் குடித்த பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதை, அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் ஓர் ஆய்விதழில் பதிவு செய்தனர். அக்காயில் மிகுந்துள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்ததே காரணம். அவர்களுள் எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நல்வாய்ப்பாக அனைவரும் மீண்டனர். அதன் இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழம், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடியது. அவர்கள் அதைச் சிறிதும் உண்ணலாகாது. “சிறுநீரகத்துக்கு நல்லது” எனப்படும் வாழைத்தண்டுச் சாறும், ஒரு குவளையில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் கொண்ட இளநீரும், பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஏற்றவையல்ல.

கடுமையான தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டோடு, உங்கள் தோட்டத்தில் வளர்வனவற்றையும் அவற்றைச் சமைக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள். எவற்றை அப்படியே தொடரலாம், எவற்றை வடித்து உண்ணலாம், எவற்றை விலக்க வேண்டும் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவுடன் ஒப்பிட்டு, உங்களோடு அமர்ந்து நாங்கள் முடிவு செய்வோம்.